சமாதானம் கட்டுறதுன்னா என்ன? தோட்டமும் கிராமமும் பக்கத்துல பக்கத்துல இருக்கிற நம்ம மலையகத்துக்கு ஒரு எளிய விளக்கம்

சமாதானம், நல்லிணக்கம், சகவாழ்வு. 2009ல யுத்தம் முடிஞ்ச பிறகு இந்த வார்த்தைங்க எல்லாம் பேனர்லயும் டீசேர்ட்லயும் ரொம்பவே புழங்கிடுச்சு. ஆனா ஒரு தோட்டத்துப் பையன்கிட்டயோ கீழ கிராமத்துல இருக்கிற சிங்களப் பொண்ணுகிட்டயோ "இதுக்கு அர்த்தம் என்ன"ன்னு கேட்டா, எல்லாரையும் ஒரு நாள் கூட்டி வச்சு பாட்டுப் பாடி சாப்பாடு போட்டு அனுப்புறதுன்னு சொல்வாங்க. இன்னும் சிலர் பழசை மறந்துட்டு சும்மா இருக்கிறதுன்னு நினைக்கிறாங்க. ரெண்டுமே சரியில்ல. இது ஒரு வேலை, அதுக்குன்னு ஒரு முறை இருக்கு, எதனால அது வேலை செய்யுது எதனால செய்யாமப் போகுதுன்னு ஆராய்ச்சி பண்ணினவங்களும் இருக்காங்க. அதைத்தான் முதல் தடவை கேள்விப்படுறவங்களுக்கும் புரியிற மாதிரி எழுதப் பார்க்கிறேன்.

யுத்தம் வடக்குல தானே நடந்துச்சு, நமக்கு எதுக்கு?

இந்தக் கேள்வியை மலையகத்துல நிறையப் பேர் கேக்குறாங்க, அதனால முதல்ல இதைப் பேசிடணும்.

ஷெல் விழுந்தது இங்க இல்ல, உண்மை. ஆனா 1977, 1981, 1983 கலவரங்கள்ல அடிபட்ட தோட்டத்துக் குடும்பங்கள் நிறைய வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுன்னு போய் குடியேறினாங்க. பாதுகாப்பு தேடிப் போன அந்த சனம்தான் கடைசியில வன்னி யுத்தத்துக்குள்ள மாட்டிக்கிச்சு. இங்க இருந்தவங்களுக்கு 1979ல வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இருந்துச்சு. கொழும்புல கடைகள்ல வேலை செஞ்ச நம்ம பசங்களை செக்பொயின்ட்ல நிறுத்தி அடையாள அட்டையைப் பார்த்து ஏத்திட்டுப் போனதெல்லாம் ஒவ்வொரு லயத்துலயும் ஒரு வீட்டுக் கதையா இருக்கும்.

அந்தப் பக்கமும் கதை இருக்கு, அதை நாம கொஞ்சம் நின்னு கேக்கணும். 1998 ஜனவரி 25ஆம் திகதி கண்டி தலதா மாளிகையில புலிகள் லொறியில குண்டு வச்சாங்க, சாமி கும்பிட வந்த சனமும் செத்துச்சு. அதுக்கு முன்ன 1987லருந்து 1989 வரைக்கும் ஜே.வி.பி. கிளர்ச்சி நடந்த காலத்துல கண்டி, மாத்தளை பக்கத்து சிங்களக் கிராமங்கள்ல எத்தனையோ பசங்க காணாமப் போனாங்க. அவங்க அம்மாமாரும் போட்டோவைக் கையில பிடிச்சுக்கிட்டு அலைஞ்சவங்கதான். நம்ம பக்கத்துல பல பேருக்கு இது தெரியாது, ஏன்னா யாரும் சொன்னதில்ல, நாமளும் கேட்டதில்ல.

இன்னும் கீழ தோண்டினா காணிப் பிரச்சினை. 1840ல வெள்ளைக்காரன் கொண்டு வந்த சட்டத்துல உறுதி காட்ட முடியாத நிலம் எல்லாம் அரசாங்க நிலம்னு ஆச்சு, அது பிறகு கோப்பித் தோட்டமாவும் தேயிலைத் தோட்டமாவும் மாறிச்சு. "எங்க காட்டைப் பிடுங்கி இவங்களைக் கொண்டு வந்து வச்சாங்க"ன்னு கண்டிச் சிங்களக் கிராமங்கள்ல தாத்தா பேரனுக்குச் சொல்ற கதை அது. நம்ம பக்கத்துல சொல்ற கதை வேற: 1948ல குடியுரிமை போச்சு, 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புறதுன்னு நம்மளைக் கேக்காமலே முடிவு பண்ணாங்க, 1977 மே மாசம் டெவன் தோட்டத்துல காணி பறிக்கிறதை எதிர்த்து நின்ன சிவனு லட்சுமணன் பொலிஸ் சூட்டுல செத்தாரு. ரெண்டு கதையும் நடந்ததுதான். ஒரு கதையில வர்ற சனத்தோட பேரப்பிள்ளைங்க, மத்தக் கதையில வர்ற சனத்தோட பேரப்பிள்ளைங்களோட இன்னைக்கு ஒரே பஸ்ல போய்ட்டு வர்றாங்க, ஆனா ஒருத்தர் கதை மத்தவருக்குத் தெரியாது.

சண்டை நின்னா சமாதானமா?

நோர்வேக்காரர் யொஹான் கால்டுங்னு ஒரு ஆய்வாளர் இதை ரெண்டாப் பிரிச்சாரு. அடிதடி இல்லாம இருக்கிறதை எதிர்மறை சமாதானம்னு சொன்னாரு. சண்டைக்குக் காரணமா இருந்த அநியாயங்கள் குறைஞ்சு, சனம் ஒருத்தரை ஒருத்தர் நம்பி வேலை செய்யுற நிலைமை நேர்மறை சமாதானம். 2009 மே மாசம் நமக்குக் கிடைச்சது முதலாவது. ரெண்டாவது தானா வராது.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் அமைப்புசார் வன்முறை. அதாவது யாரும் கை நீட்டி அடிக்கலன்னாலும், சட்டமும் சம்பளமும் வீடும் இருக்கிற விதமே ஒரு கூட்டத்து சனத்தைக் கீழ வச்சிருக்கிறது. இதுக்கு உதாரணம் தேடி நாம தூரம் போகவேண்டியதில்ல. தோட்டத்துல நாள் சம்பளம் 1000 ரூபா ஆகணும்னு எத்தனை வருஷம் போராடி 2021லதான் அது வந்துச்சு, 200 வருஷம் உழைச்ச சனத்துல பெரும்பாலானவங்களுக்கு இருக்கிற லயத்துக்கே உறுதி கிடையாது. இதைப் பேசினா "அது தொழிற்சங்க விஷயம், சமாதானத்தோட கலக்காதீங்க"ன்னு சொல்றவங்க இருக்காங்க. என்னால அதை ஏத்துக்க முடியல. ஏன்னு கொஞ்சம் தள்ளி சொல்றேன்.

இதுவரைக்கும் பார்த்தது: யுத்தத்தோட காயம் மலையகத்துலயும் இருக்கு, ரெண்டு பக்கமும் இருக்கு. சத்தம் இல்லாம இருக்கிறது சமாதானத்துல பாதிதான்.

ஒரு வதந்தி எப்படி கலவரமாகுது

நம்ம மலைச் சரிவுல மழையை நிப்பாட்ட யாராலயும் முடியாது. ஆனா வெயில் காலத்துலயே கான் வெட்டி வச்சிருந்தா தண்ணி அது பாட்டுக்கு வடிஞ்சு போகும், வெட்டலன்னா மண்ணையும் தேயிலைச் செடியையும் சேர்த்து இழுத்துட்டுப் போகும். மழை கொட்டுற ராத்திரியில மண்வெட்டியைத் தூக்கிட்டு ஓடி பிரயோசனமில்ல. வதந்தியும் அந்த மாதிரிதான், அது வரும், கட்டாயம் வரும். அது வர்றதுக்கு முன்ன என்ன வெட்டி வச்சிருக்கோம்ங்கிறதுதான் விஷயம்.

2018ல கண்டி மாவட்டத்துல நடந்ததை எடுத்துக்கோங்க. தெல்தெனியவுல ரோட்டுல நடந்த ஒரு தகராறுல முஸ்லிம் இளைஞர்கள் சிலர் ஒரு சிங்கள லொறி டிரைவரை அடிச்சாங்க, சில நாள் கழிச்சு மார்ச் ஆரம்பத்துல அவர் ஆஸ்பத்திரியில இறந்துட்டாரு. அது ஒரு குற்றம், பொலிசும் கோர்ட்டும் பார்க்க வேண்டிய விஷயம். ஆனா அதுக்கு சில நாள் முன்னதான் அம்பாறையில ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில மலட்டு மாத்திரை கலக்குறாங்கன்னு ஒரு பொய் பரவி அங்க கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டிருந்துச்சு. அரசாங்க பரிசோதனையில அது வெறும் மாவுக் கட்டின்னு வந்துச்சு, ஆனா அந்தச் செய்தி வர்றதுக்குள்ள பொய் ஊரு ஊரா ஃபோன்ல போய் சேர்ந்திடுச்சு. அந்தப் பயத்து மேல இந்த மரணமும் சேர்ந்து திகன, அக்குறணைன்னு கடைகளும் வீடுகளும் எரிஞ்சுச்சு. மார்ச் 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம் போட்டு, ஃபேஸ்புக் வாட்ஸ்அப் எல்லாத்தையும் கிட்டத்தட்ட ஒரு வாரம் நிப்பாட்டி வச்சாங்க. ஃபேஸ்புக் கம்பெனி 2020ல தங்களோட தளம் இதுக்குப் பயன்பட்டதுக்கு மன்னிப்பும் கேட்டுச்சு.

யுத்த காலத்துல இதைவிடக் கொடுமை நடந்துச்சு. 2000 ஒக்டோபர் 25 காலையில பண்டாரவளைக்குப் பக்கத்துல பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாம்ல இருந்த தமிழ்ப் பசங்களை சுத்து வட்டாரத்துல இருந்து வந்த கூட்டம் தாக்கினதுல 25க்கும் மேற்பட்டவங்க செத்தாங்க. பொலிஸ் அங்க நின்னுக்கிட்டிருந்துச்சு. முதல் நாள் சாயங்காலம் முகாமுக்குள்ள நடந்த ஒரு தகராறு, ஒரே ராத்திரியில ஊரெல்லாம் பயமா பரவிச்சு. செத்ததுல சின்ன வயசுப் பசங்களும் இருந்தாங்க. வழக்கு நடந்து தண்டனை கிடைச்சவங்களையும் 2005ல உச்ச நீதிமன்றம் விடுதலை பண்ணிடுச்சு. அந்தக் குடும்பங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் நியாயம் கிடைக்கலங்கிறதை நான் சொல்லாம கடந்து போக விரும்பல.

ரெண்டு சம்பவத்துலயும் ஒரே ஓட்டம்தான். ஒரு சின்ன விஷயம் நடக்குது, அதைப் பத்தி ஒரு கதை கிளம்புது, அந்தக் கதை பழைய பயத்தோட போய் ஒட்டிக்குது, "அது உண்மையா"ன்னு மறு பக்கத்துல இருக்கிற ஒருத்தர்கிட்ட கேட்டு தெரிஞ்சுக்க வழி இல்ல, வழி இருந்தாலும் கேக்க தைரியம் இல்ல, கடைசியில எங்கயோ இருந்து திட்டம் போட்டு வர்ற நாலு பேர் அந்தக் கூட்டத்தை நடத்திட்டுப் போயிடுறாங்க. இந்தச் சங்கிலியில ஊர்ப் பசங்களால அறுக்க முடியிற இடம் ஒண்ணு இருக்கு, அது அந்த "கேக்க வழி இல்ல"ங்கிற இடம். அடிமட்ட சமாதான வேலைன்னு சொல்றது பெரும்பாலும் அந்த ஒரு இடத்துல உழைக்கிறதுதான்.

பழக்கம் இருந்தா போதாதா?

"நாங்க எல்லாம் நல்லாத்தான் பழகுறோம், வெசாக் தன்சலுக்கு நாங்க போறோம், எங்க கோயில் திருவிழாவுக்கு அவங்க வர்றாங்க"ன்னு சொல்வாங்க. அது நல்ல விஷயம்தான், அதை நான் குறைச்சுப் பேசல. சிவனொளிபாதமலை சீசன்ல மார்கழியிலருந்து வைகாசி வரைக்கும் நாலு மதத்து சனமும் ஒரே படியில ஏறுது, உலகத்துல எத்தனை இடத்துல அப்படி இருக்கு.

ஆனா அசுதோஷ் வார்ஷ்னின்னு ஒரு ஆய்வாளர் இந்தியாவுல கலவரம் அடிக்கடி நடக்குற நகரங்களையும் நடக்காத நகரங்களையும் ஜோடி ஜோடியா வச்சு ஒப்பிட்டுப் பார்த்தாரு, அலிகாரையும் கோழிக்கோட்டையும் மாதிரி. அவர் கண்டது இதுதான்: அடுத்த வீட்டுப் பழக்கம், பண்டிகைக்குப் பலகாரம் குடுக்கிறது எல்லாம் சின்ன அதிர்ச்சியைத் தாங்கும், பெரிய அதிர்ச்சி வந்தா நகரங்கள்ல அது தாங்காது. ரெண்டு சமூகமும் சேர்ந்து உறுப்பினரா இருக்கிற சங்கங்கள் இருந்தா, வியாபாரிகள் சங்கம், தொழிற்சங்கம், வாசிப்பு வட்டம் இந்த மாதிரி, அது தாங்கும். ஏன்னா சங்கத்துல ஒரு தலைவர் இருக்காரு, கூட்டம் போட ஒரு பழக்கம் இருக்கு, ஒரு பிரச்சினைன்னா யாரு யாருக்கு ஃபோன் பண்ணணும்னு எல்லாருக்கும் தெரியும், அதோட கலவரம் வந்தா தன்னோட பொழைப்பும் போகும்னும் தெரியும்.

நம்ம பக்கத்தை இதோட வச்சுப் பாருங்க. தமிழ் மொழி ஸ்கூல் தனி, சிங்கள மொழி ஸ்கூல் தனி. தோட்டத்துக்கு ஒரு கிரிக்கட் டீம், கிராமத்துக்கு ஒரு டீம். மரண உதவிச் சங்கம் கூட தனித்தனி. பதினெட்டு வயசு வரைக்கும் ஒரு தமிழ்ப் பையனும் ஒரு சிங்களப் பையனும் சேர்ந்து ஒரு முடிவு எடுக்க வேண்டிய சந்தர்ப்பம் ஒண்ணு கூட வராம வளர முடியும், நிறையப் பேர் அப்படித்தான் வளர்றாங்க.

சும்மா சந்திக்க வச்சா என்ன ஆகும்?

இங்கதான் நிறைய ப்ராஜெக்ட் சறுக்குது. 1954லயே கோர்டன் ஆல்போர்ட்னு ஒரு உளவியலாளர், ரெண்டு கூட்டத்து சனம் சந்திச்சா வெறுப்பு குறையும், ஆனா சில நிபந்தனை இருந்தாத்தான்னு சொன்னாரு. இதைத் தொடர்புக் கோட்பாடுன்னு சொல்வாங்க. ரெண்டு பக்கமும் அந்த இடத்துல சமமா இருக்கணும், ஒரு பொது வேலை இருக்கணும், அந்த வேலை போட்டியா இல்லாம ஒத்துழைச்சு செய்யுறதா இருக்கணும், ஊர்ப் பெரியவங்களோ அதிகாரிகளோ அதை ஆதரிக்கணும்.

கடைசி மூணும் ஓரளவு சுலபம். முதலாவதுதான் நம்ம ஊர்ல கஷ்டம். கூட்டம் முழுக்க சிங்களத்துல நடந்தா, தமிழ்ப் பிள்ளைங்க பின் வரிசையில சும்மா இருந்துட்டு வந்திடும். நம்ம பிள்ளைங்க பொழைப்புக்காக சிங்களம் கத்துக்குது, அந்தப் பக்கத்துல தமிழ் கத்துக்க யாருக்கும் அவசரம் இல்ல. 1987ல வந்த 13ஆவது திருத்தத்துல தமிழும் அரச கரும மொழின்னு எழுதியாச்சு, ஆனா ஒரு இளைஞர் கூட்டத்துல அதை நடைமுறைப்படுத்துறது அந்தக் கூட்டத்தை நடத்துறவங்க கையில இருக்கு. அதே மாதிரி ஒரு பக்கத்துப் பிள்ளை அன்னைக்கு கொழுந்து எடுக்கப் போகாம வந்தா சம்பளம் போகுது, மத்தப் பக்கத்துப் பிள்ளைக்கு அப்படி இல்லன்னா, அங்க சமம் எங்க இருக்கு? சம்பளமும் காணியும் மொழியும் சமாதான வேலைக்கு வெளியில உள்ள விஷயம் இல்லன்னு மேல சொன்னேனே, காரணம் இதுதான். கீழ இருக்கிறவனும் மேல இருக்கிறவனும் சந்திச்சா, ரெண்டு பேரும் ஏற்கனவே நினைச்சிருந்ததுதான் இன்னும் உறுதியாகும்.

அப்போ நாலு நாள் முகாம் எல்லாம் வீணா? இல்ல. தீபக் மல்ஹோத்ராவும் சுமனசிறி லியனகேவும் இலங்கையில நாலு நாள் சமாதானப் பட்டறைக்குப் போன இளைஞர்களை ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்து, போகாதவங்களோட ஒப்பிட்டு 2005ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. போனவங்களுக்கு மத்த இனத்து சனத்து மேல பரிவு அதிகமா இருந்துச்சு, மத்த இனத்து ஏழைப் பிள்ளைங்களுக்குன்னு பணம் கேட்டப்போ அதிகமாவும் குடுத்தாங்க. யுத்தம் இன்னும் முடியாத காலத்துல கூட மனசுல அது நின்னுச்சு. ஆனா மனசுல பரிவு இருக்கிறது ஒண்ணு, ராத்திரி பதினொரு மணிக்கு ஃபோன் எடுத்து "உங்க பக்கத்துல என்ன நடக்குது"ன்னு கேக்குறதுக்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது வேறொண்ணு. முகாம் முதலாவதைக் குடுக்கும், ரெண்டாவதை ஊர்ல வந்து கட்டணும்.

சுருக்கமா சொன்னா: பழக்கம் தேவை, அதுக்கு மேல சேர்ந்து இயங்குற ஒரு அமைப்பு தேவை, அந்த அமைப்புக்குள்ள சமத்துவம் தேவை.

ஏன் அடிமட்டம், ஏன் இளைஞர்?

ஜோன் போல் லெடராக்னு ஒருத்தர் சமாதான வேலையை மூணு தட்டாப் பார்க்கச் சொன்னாரு: மேல அரசியல் தலைவர்கள், நடுவுல மதத் தலைவர்கள், ஸ்கூல் அதிபர்கள், தொழிற்சங்கக்காரங்க மாதிரி ரெண்டு பக்கமும் பேசக்கூடியவங்க, கீழ ஊர் சனம். மேல கையெழுத்துப் போட்டா கீழ தானா மாறும்னு நினைக்கிறது நம்ம நாட்டுல பல ஒப்பந்தம் கிழிஞ்சதுலயே பொய்யாப் போச்சு. கீழ மட்டும் செஞ்சாலும் பத்தாது, நடுத் தட்டுக்காரங்க பாலமா இருக்கணும்.

இளைஞர் விஷயத்தை ஐ.நா. பாதுகாப்புச் சபை 2015 டிசம்பர்ல 2250ஆம் இலக்கத் தீர்மானத்துல ஏத்துக்கிச்சு, சமாதான வேலையில 18லருந்து 29 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு இடம் குடுங்கன்னு. தீர்மானத்தை விட முக்கியமானது நடைமுறை: வதந்தி ஓடுறது இளைஞர் ஃபோன்ல, கூட்டம் சேர்றப்போ முன்ன நிக்கிறதும் இளைஞர்தான், அதனால நிப்பாட்டவும் அவங்களாலதான் முடியும்.

எங்க ஆரம்பிக்கிறது?

சமாதானம்னு பேர் வச்சு ஆரம்பிக்காதீங்க. தண்ணியில ஆரம்பிங்க. தோட்டம் மேல, கிராமம் கீழ, நடுவுல ஒரே ஓடை, மேல அடிக்கிற மருந்தும் போடுற குப்பையும் கீழ குடிக்கிற தண்ணியில வருது. ரெண்டு பக்கத்துப் பிள்ளைங்களும் சேர்ந்து அந்த ஓடையை நடந்து பார்த்தாலே பேச நூறு விஷயம் வரும். இல்லன்னா மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29ல கொஸ்லாந்தை மீரியபெத்தயில லயங்கள் புதைஞ்சதை யாரும் மறக்கல. எந்த மேட்டுல வெடிப்பு விழுந்திருக்கு, மழை கூடினா யாரு யாருக்குச் சொல்றது, யாரு வயசானவங்களைத் தூக்குறதுன்னு ரெண்டு பக்கமும் சேர்ந்து ஒரு குரூப் வச்சீங்கன்னா, அந்த ஃபோன் நம்பர் எல்லாம் வதந்தி வர்ற ராத்திரிக்கும் பயன்படும். அதைப் பத்தி முன்கூட்டியே பேசியும் வச்சிடணும்: ஒரு மெசேஜ் வந்தா ஷேர் பண்ணுறதுக்கு முன்ன அந்தப் பக்கத்துல இன்னாருக்கு ஃபோன் பண்ணிக் கேக்குறது, அவரு எடுக்கலன்னா அடுத்தது இன்னாருக்குன்னு.

கிரிக்கட் மேட்ச் வைக்கிறதா இருந்தா தோட்டம் எதிர் கிராமம்னு வைக்காதீங்க, அது இருக்கிற கோட்டையே இன்னும் அழுத்திக் கீறும். டீமைக் கலந்து போடுங்க.

மொழிபெயர்க்க ஆள் இல்லன்னு கவலைப்படுறவங்க, கொழும்புலயும் கட்டுநாயக்கவுலயும் கார்மென்ட்ஸ்ல வேலை செஞ்சுட்டு திரும்பி வந்திருக்கிற நம்ம பொம்பளைப் பிள்ளைங்களைக் கேட்டுப் பாருங்க. சிங்களப் பிள்ளைங்களோட ஒரே போர்டிங்ல இருந்து, ஒரே மெஷின் வரிசையில உக்காந்து வந்தவங்க. ரெண்டு பாஷையும் தெரியும், ரெண்டு பக்கத்துக் கஷ்டமும் தெரியும், ஆனா எந்த இளைஞர் குழுவும் அவங்களைக் கூப்பிடுறதில்ல. கூட்டத்தை இருட்டுறதுக்கு முன்ன முடிச்சா அவங்க வருவாங்க, அவ்வளவுதான் விஷயம்.

தோட்டத் தலைவர், கோயில் ஐயா, பன்சலை ஹாமதுரு, கிராம சேவகர், இவங்களுக்கு முதல்லயே போய் சொல்லிடுங்க, ஆனா நடத்துறதை அவங்க கையில குடுத்திடாதீங்க. சின்னத் தகராறு வந்தா 1988 சட்டத்துல உருவான மத்தியஸ்த சபை இருக்கு, ஊர்க்காரங்களே உக்காந்து ரெண்டு பக்கமும் கேட்டு பேசித் தீர்க்கிற இடம், அது எந்த நாள்ல எங்க கூடுதுன்னு குழுவுல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

பழசைப் பேசலாமா?

பேசணும். மறக்கச் சொல்றது, அடிபட்டவன்கிட்ட மட்டும் கேக்குற தியாகம். ஆனா முதல் நாள்லயே பேசக்கூடாது. சேர்ந்து ஒரு வேலையை ஒரு வருஷமாவது செஞ்ச பிறகு, ஒருத்தர் சொல்றதை மத்தவர் குறுக்க பேசாம கேப்பாங்கன்னு ஒரு நம்பிக்கை வந்த பிறகுதான்.

அப்பவும் யாரு பண்ணது சரி, எந்தப் பக்கம் முதல்ல அடிச்சதுன்னு விவாதமா வைக்காதீங்க. ஒவ்வொருத்தரும் தன் வீட்டுக் கதையை மட்டும் சொல்லட்டும், தன் தாத்தா, தன் அம்மா, தன் மாமா. 1983ல எங்க ஒளிஞ்சு இருந்தாங்க, 1989ல யாரைத் தேடினாங்க. ரெண்டு பாஷையிலயும் முழுசா மொழிபெயர்க்கணும், அவசரத்துல சுருக்கக்கூடாது. 2023ல மலையகம் 200ன்னு தலைமன்னார்லருந்து மாத்தளை வரைக்கும் நம்ம சனம் நடந்தப்போ சிங்களவங்களும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தாங்க, அதுல நடந்தவங்க உங்க பக்கத்துல இருந்தா அவங்களை வச்சு ஆரம்பிக்கலாம்.

ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணக்கூடாது, ஃபேஸ்புக்ல போடக்கூடாது. செக்பொயின்ட் காலத்துல வளர்ந்த அப்பா அம்மாவுக்கு, பிள்ளை பேசினது எங்கயாவது பதிவாகிடுமோன்னு இன்னும் பயம் இருக்கு, சிங்கள வீடுகள்லயும் 1989ஐப் பத்தி அதே பயம் இருக்கு. பேச விருப்பமில்லாதவங்க கேட்டுட்டு மட்டும் இருக்கலாம். யாராவது அழுதா அன்னைக்கு அதோட நிப்பாட்டிட்டு டீ குடிச்சிட்டு, அடுத்த வாரம் எந்த நாள் கூடுறதுன்னு முடிவு பண்ணிட்டுக் கலைஞ்சு போங்க.